எல்லாம் அணைச்சாச்சு

புது பேட்டரி போட்டு மூன்று வாரம்கூட ஆகவில்லை. சிப்ரியானோ சாவியைத் திருப்பினான். வண்டி 'டிக்' என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு அடங்கிவிட்டது. மறுபடி திருப்பினான். அந்த 'டிக்'கும் இல்லை. ஸ்டியரிங்கை ஓங்கிக் குத்தினான், கைதான் வலித்தது.

வேறொருவர் வீட்டில் வண்டி கிளம்பாவிட்டால் சந்தைக்குப் போக முடியாது, அவ்வளவுதான். இவன் மனைவி லியோநோராவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. செவ்வாயும் வெள்ளியும் காலை ஆறு மணிக்குக் கீழே தக்பிலாரன் டவுன் ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் பண்ணும் மெஷினில் அவளுக்கு இடம். இவர்கள் மலை ஊரிலிருந்து ஆள் ஏற்றிக்கொண்டு முதல் ஜீப்னி இறங்குவதே ஏழு மணிக்கு. பிந்திப் போனால் அந்த மெஷின் நாற்காலியில் வேறு யாராவது சாய்ந்திருப்பார்கள். அதற்காகவே தேடிப் பிடித்து வாங்கிய பழைய குட்டி வேன் இது. போன வெள்ளிக்கிழமை சரியாகக் காலை வாரிவிட்டது. இன்று திங்கள். நாளையும் இது கிளம்பாவிட்டால் என்ன ஆகும் என்று அவன் யோசிக்கவே பயந்தான்.

இதுவரை மூன்று மெக்கானிக்குகள் வந்துபோனார்கள். ஒருவர் பேட்டரி செத்துப்போச்சு என்றார், மாற்றினான். அடுத்தவர் டைனமோவைப் பிரித்துப் போட்டு இதுதான் வில்லன் என்று கதை அளந்தார். மூன்றாமவர் பேட்டரி முனைகளைச் சுரண்டிவிட்டு, ஜெபம் பண்ணுங்கள் என்று சொல்லிப் போனார். ஜெபம் பண்ண இவனுக்குத் தெரியாதா என்ன? மூவரும் கேட்டது ஒரே கேள்விதான். எல்லாம் அணைச்சாச்சா? அணைச்சாச்சு என்று இவனும் மூன்று முறை சொல்லியிருந்தான்.

நாலாவதாக, மத்தியானம் பைக்கில் வந்தவர் பெலிசிட்டோ. அதிகம் பேசாத மனிதர். வண்டிக்குள் ஏறியதும், டேஷ்போர்டில் சிவப்பு வெல்வெட் அங்கியோடு நின்ற குழந்தை இயேசு சிலையைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார். தான் கொண்டுவந்த பேட்டரியிலிருந்து கரண்ட் கொடுத்து வண்டியைக் கிளப்பினார். மீட்டர் வைத்துப் பார்த்து, டைனமோ கல்லு மாதிரி இருக்கிறது என்றார். பேட்டரியில் சார்ஜ் ஏறும்வரை ஓடவிட்டு, பிறகு என்ஜினை நிறுத்திவிட்டு அவரும் அதே கேள்வியைக் கேட்டார்.

சிப்ரியானோவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ரேடியோ இல்ல, ஹெட்லைட் இல்ல. கதவு விளக்கக்கூடக் கழட்டி எறிஞ்சாச்சு. இன்னும் என்னத்தய்யா அணைக்கச் சொல்ற?"

வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் வீங்கிய காலை நீட்டி உட்கார்ந்திருந்த லியோநோரா, அந்த மனுஷனை வேலை செய்ய விடு என்று அதட்டினாள்.

பெலிசிட்டோ பேட்டரியின் ஒரு ஒயரைக் கழற்றி, நடுவில் ஒரு சின்ன பல்பை வைத்தார். வண்டியில் எதுவும் ஓடவில்லை என்றால் அது எரியக் கூடாது. எரிந்தது. பியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். எந்தப் பியூஸில் பல்பு அணைகிறதோ அங்கேதான் கரண்ட் திருட்டு. பெட்டியே காலியாகிவிட்டது, பல்பு எரிந்துகொண்டிருந்தது.

யாரோ பேட்டரியிலிருந்தே நேராக ஒயர் இழுத்திருக்கிறார்கள் என்றார் பெலிசிட்டோ. தன் மச்சான்தான், ஸ்பீக்கர் மாட்டுகிறேன் என்று கெடுத்துவைத்திருப்பான் என்று சிப்ரியானோ திட்ட ஆரம்பித்தான். பெலிசிட்டோ கறுப்பு டேப் சுற்றிய ஒயர் ஒன்றை விரலால் தொட்டுக்கொண்டே போனார். அது மிதியடிக்குக் கீழே நுழைந்து, டேஷ்போர்டில் ஏறி, வெல்வெட் அங்கிக்குள் போனது. மன்னிப்புக் கேட்டபடி அங்கியை இரண்டு விரலால் தூக்கினார். சிலையின் காலடியில் சிவப்பு பல்பு மங்கலாக எரிந்துகொண்டிருந்தது.

"அண்ணே, இது எரியுதே."

"அது சாமி விளக்குப்பா," என்றான் சிப்ரியானோ.

அவன் பொய் சொல்லவில்லை. அந்த ஊரில் யாரும் அதை விளக்குக் கணக்கில் சேர்ப்பதில்லை. மற்ற வண்டிகளில் சாவியைத் திருப்பினால் அதுவும் அணைந்துவிடும், அதனால் தொல்லை இல்லை. இது இராப்பகலாக எரிகிறது. ரெண்டு நாள் வண்டி நின்றால் பேட்டரியை நக்கிவிடும் என்றார் பெலிசிட்டோ. சாவியோடு சேர்த்துவிட அஞ்சு நிமிஷம் போதும்.

சிப்ரியானோ வேண்டாம் என்றான். ஒயர் இழுத்தது மச்சான் இல்லை, தான்தான் என்று தரையைப் பார்த்தபடி சொன்னான். டாக்டர் விஷயத்தைச் சொன்ன அன்றைக்கு வேண்டிக்கொண்டானாம், அவள் குணமாகும்வரை தன் கையால் இந்த விளக்கை அணைப்பதில்லை என்று. இத்தனை நாளில் அவளிடம்கூடச் சொன்னதில்லை.

அடுத்தவர் வேண்டுதலில் கை வைக்க மாட்டேன் என்று பெலிசிட்டோ ஒதுங்கிக்கொண்டார். பியூஸ்களைத் திரும்பச் செருகி, கழற்றிய ஒயரைப் பேட்டரியில் மாட்டினார். சிவப்பு பல்பு பளிச்சென்று எரிந்தது.

லியோநோரா வாசலிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"வெள்ளிக்கிழமை வண்டி கிளம்பல. அன்னைக்கு ராத்திரி மூச்சு முட்டி, படுக்க முடியாம விடிய விடிய உக்காந்திருந்தேன், யானோ. ஜன்னல் வழியா இந்த விளக்கத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். அங்கிக்கு உள்ளேருந்து செவப்பா நல்லா எரிஞ்சுது."

இத்தனை நாள் ஊரில் உள்ளவனையெல்லாம் திட்டித் தீர்த்தது நினைவுக்கு வந்து உடம்பு கூசியது. வண்டிக்குள் குனிந்து ஒயரைப் பிடித்தான். இரண்டு தரம் விட்டுவிட்டு, மூன்றாம் தரம் கண்ணை மூடிக்கொண்டு பிடுங்கினான்.

திரும்பி சாமியைப் பார்க்கவில்லை. அவள் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டு அப்படியே நின்றான்.

"மூச்சு விட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்," என்றாள் லியோநோரா. "நாளைக்கு நாலரை மணிக்குக் கிளம்பணும். வண்டியத் திருப்பி நிறுத்து."