சார்ப்பில் எரிந்த பல்பு

ஐப்பசி மழை விட்ட கையோடு மரிய புஷ்பத்தின் கோழிகள் முட்டையிடுவதை நிறுத்திவிட்டன. அதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். வேலிக்கு அந்தப் பக்கம் ஓரகத்தி லூர்துமேரியின் கோழிகள் நிறுத்தவில்லை என்பதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

ஏலாக்குறிச்சியில் மாதா கோயிலுக்குப் பின்தெருவில் அவள் புருஷன் பிலவேந்திரனும் அவன் தம்பி, லூர்துவின் புருஷன் மிக்கேலும் பாகம் பிரித்துக்கொண்டு அடுத்தடுத்துக் குடியிருந்தார்கள். அண்ணனுக்கு வயல் வேலை, தம்பிக்குத் தையல். ஒன்றாகக் கிடந்த கொல்லையின் நடுவில் கிளுவை வேலி. லூர்து கல்யாணமாகி வந்த வருஷம் ஒரு பெட்டையையும் சேவலையும் தூக்கிக் கொடுத்தவள் மரிய புஷ்பம்தான். அந்த வழியில் வந்த கோழிகள்தான் இப்போது அங்கே இட்டுத் தள்ளின. தான் கொடுத்தது அங்கே விளங்க, தன்னிடம் இருப்பது இப்படிச் சும்மா சுற்றித் திரிகிறதே என்று அவளுக்கு வயிறு எரிந்தது.

முட்டையிட்ட கோழி வாயை மூடிக்கொண்டா இருக்கும்? காலையில் இவள் சாணம் அள்ளும் நேரம் பார்த்து அங்கே ஒன்று கொக்கரிக்கும். அடங்குவதற்குள் இன்னொன்று ஆரம்பிக்கும். மகள் சகாயராணி தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். பிள்ளைத்தாய்ச்சிக்கு அவித்துக் கொடுக்க வீட்டில் ஒரு முட்டை இல்லை.

"ஒன் கோழி மட்டும் எப்படிடி இந்தக் குளிர்லயும் போடுது?" என்று குழாயடியில் கேட்டே விட்டாள்.

லூர்து குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே சொன்னாள். "என்னமோ போங்கக்கா. தவுட்டத் தவிர நான் ஒண்ணும் போடறதில்ல. கைராசின்னு நெனச்சுக்கறேன்."

லூர்து வெள்ளந்தியாகச் சொன்ன சொல்தான். மரிய புஷ்பத்துக்கு அது சோற்றில் கல்லாகக் கடிபட்டது. அவளுக்குக் கைராசி என்றால் எனக்கு என்ன ராசி என்று நாள் முழுக்கப் புழுங்கினாள்.

முதலில் வந்தது சந்தேகம். தன் கோழிகள் வேலியில் நுழைந்து அங்கே போய் இடுகின்றனவோ என்று ஒரு பகல் பூராவும் கொல்லையில் உட்கார்ந்து காவல் காத்தாள். ஒரு கோழியும் வேலிப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அடுத்து கம்பும் கருவாட்டுத் தூளும் வாரி இறைத்தாள். தின்று கொழுத்தனவே தவிர, இடவில்லை. பிறகு இறகுகள் உதிர ஆரம்பித்தன. கழுத்து மொட்டையாகி, வால் மூளியாகி, பார்க்கவே சகிக்கவில்லை.

"லூர்து கண்ணு பட்டுருச்சு" என்றாள் புருஷனிடம்.

"அவ கோழிதான் போடுதே. அவ எதுக்கு ஒன் கோழியில கண்ணு வைக்கப் போறா?" என்றான் பிலவேந்திரன். அவன் சொன்னது நியாயமாக இருந்ததால் கோபம் இன்னும் கூடியது.

ஒரு பெட்டையைக் கூடையில் போட்டு மூடிக்கொண்டு, பஸ் ஏறி திருமானூர் மாட்டாஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டர் கோழியைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"சீக்கு ஒண்ணும் இல்லம்மா. பழைய எறகக் கொட்டிட்டுப் புதுசு போடுது. பகல் சுருங்குற காலத்துல கோழிக்கு முட்டை கொறையும். கண்ணுல படற வெளிச்சத்த வச்சுத்தான் அது ஒடம்பு முட்டைக்குத் தயாராகும். தை கழிஞ்சு பகல் நீண்டா தானா போடும்."

"எல்லாருக்கும் ஒரே பகல்தானுங்க சார். பக்கத்து வூட்டுக் கோழிங்க மட்டும் எப்படிங்க போடுது?"

"இளங்கோழியா?"

"இல்லீங்க. எல்லாம் எங்க கோழி வயசுதான்."

"கோழி அடையற எடத்துல லைட் எரியுதா? பண்ணையில அப்படித்தான் பல்பு போட்டுப் பகல நீட்டுவாங்க."

மரிய புஷ்பத்தின் கண்முன்னால், மிக்கேல் வீட்டுக்குப் பின்னால் இறக்கியிருந்த கூரைச் சார்ப்பு வந்து நின்றது. அந்த வருஷம்தான் அவன் கரண்ட் இழுத்திருந்தான். வீட்டுக்குள் இடம் போதாமல் கொல்லைச் சார்ப்பில் மெஷினைப் போட்டு, தலைக்கு மேலே குண்டு பல்பைத் தொங்கவிட்டிருந்தான். தீபாவளிக்குப் பிடித்த தையல் கிறிஸ்துமஸ் வரைக்கும் ஓயாது. விடியுமுன்னே விளக்கைப் போடுவான்; பொழுது சாய்ந்தும் வெகுநேரம் அணைக்க மாட்டான். லூர்துவின் கோழிகள் அடைவதும் அந்தச் சார்ப்பின் மூலையில்தான்.

பஸ்ஸில் வரும்போது மனசு லேசாகியிருந்தது. லூர்துவுக்குக் கைராசியும் இல்லை, மண்ணும் இல்லை. ஆனால் ஊர் வருவதற்குள் அந்த லேசு போய்விட்டது. கரண்டும் அவர்கள் வீட்டில்தானே இருக்கிறது? தன் வீட்டில் இன்னும் அரிக்கேன் விளக்குதான். என் கோழியையும் உன் சார்ப்பில் அடைத்துக்கொள்கிறேன் என்று கேட்டால் லூர்து மறுபேச்சில்லாமல் சம்மதிப்பாள். அப்படிச் சம்மதித்துவிடுவாள் என்பதாலேயே கேட்கப் பிடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போது கொழுந்தனிடம் பேச்சுக் கொடுத்தாள்.

"தம்பி, கொல்லையில ஒக்காந்து தைச்சா யாருக்குத் தெரியும்? பஸ்ஸு நிக்கிற எடத்துல, பஞ்சநாதன் சைக்கிள் கடைக்குப் பக்கத்துல ரூமு ஒண்ணு சும்மாக் கெடக்கு. கோயிலுக்கு வர்ற சனம் பூரா அங்கதான் எறங்குது. கிறிஸ்துமஸும் வருது. மெஷினத் தூக்கிட்டு அங்க போங்க."

மிக்கேல் நின்று அவளைப் பார்த்தான். "எனக்கே தோணலியே அண்ணி" என்றான். அந்த வாரமே மெஷினும் பல்பும் சைக்கிள் கடைப் பக்கம் போய்விட்டன. சார்ப்பு இருண்டது.

கிறிஸ்துமஸ் நெருங்கும்போது வேலிக்கு அந்தப் பக்கம் கொக்கரிப்பு குறைந்தது. பிறகு ஒரேயடியாக நின்றது. மரிய புஷ்பத்துக்குக் காலை வேலையே சுகமாக இருந்தது. பாட்டுக்கூட முணுமுணுத்தாள்.

அந்தச் சுகம் நிலைக்கவில்லை. மிக்கேலின் கடையில் துணி குவிந்தது. பஸ்ஸை விட்டு இறங்கியவர்கள் அளவு கொடுத்துவிட்டுப் போய் மாதாவைக் கும்பிட்டார்கள். லூர்து தெருவில் பார்க்கிறவர்களிடமெல்லாம், "எங்க அக்கா சொல்லித்தான் கடை போட்டோம்" என்றாள். அந்தப் புகழ்ச்சி ஒவ்வொன்றும் மரிய புஷ்பத்தைச் சுட்டது. முட்டையை நிறுத்தப் போய்க் கடையை வைத்துக் கொடுத்திருக்கிறோமே என்று தன்னையே நொந்துகொண்டாள்.

ஒரு நாள் சகாயராணி சோற்றைப் பிசைந்துகொண்டே, "சித்தி வூட்டுலயும் முட்டை இல்லாமப் போச்சு" என்றாள்.

"அவ வூட்டு முட்டை ஒனக்கெதுக்கு?"

மகள் தலையை நிமிர்த்தவில்லை. "காலையில நீ வயலுக்குப் போனதும் சித்தி அவிச்சுக் குடுப்பாங்க. ஒனக்குத் தெரிஞ்சா வையுவேன்னு நாந்தான் சொல்ல வேணாம்னேன்."

மகள் வாயில் விழுந்த முட்டையை மரிய புஷ்பம் தானே தட்டிவிட்டிருக்கிறாள்.

அன்று சாயங்காலம் லூர்து வேலியோரம் ஒரு கோழியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அதன் கழுத்து மொட்டையாகியிருந்தது. "பாருங்கக்கா. எங்களுதும் இப்படி ஆயிருச்சு. கழிச்சல் நோயா இருக்குமோ? ராணிக்குக் குடுக்க ஒண்ணுகூட இல்ல."

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். மகளின் பெயரைக் கேட்ட பிறகு அவளால் முடியவில்லை.

"நோயெல்லாம் இல்ல. வெளிச்சம் போயிருச்சு, அதான்." டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னாள்.

லூர்து கேட்டு முடித்தாள். "டாக்டருகிட்ட எப்பக்கா போனீங்க?"

"கார்த்திகையில."

"கடைய மாத்தச் சொன்னது அதுக்கப்புறம்தானே?"

"ஆமா."

"முட்டைக்காகவா?"

மரிய புஷ்பம் வேலிக் குச்சியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஒன் கோழி கத்துறது எனக்குப் பொறுக்கல, லூர்து."

லூர்துவின் முகம் சுருங்கியது. கையிலிருந்த கோழியை மெல்லக் கீழே விட்டாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "இத அவருகிட்ட சொல்லிடாதீங்க. கூடப் பொறந்தவ மாதிரி அண்ணி ஒருத்திதான் எனக்கு நல்லது நெனைச்சாங்கன்னு சொல்லிட்டுத் திரியறாரு. அப்படியே நெனைச்சுக்கட்டும்."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். பொங்கல் வரைக்கும் அவள் வேலிப் பக்கம் வரவில்லை. குழாயடியில் பார்த்தாலும் தண்ணீரைப் பற்றி மட்டும் பேசினாள். கேட்டது அவ்வளவையும் மனசுக்குள் வைத்துக்கொண்டு, ராணிக்கு வலி கண்ட அன்று கூப்பிடாமலே வந்து நின்றாள். பெண் குழந்தை பிறந்தது. முதலில் கையில் வாங்கியவள் லூர்துதான்.

தை கழிந்து மாசி வெயில் ஏற ஆரம்பித்ததும் மரிய புஷ்பத்தின் பெட்டைகளுக்குப் புது இறகு மினுமினுத்தது. ஒரு காலையில், கோழிகளைக் கவிழ்க்கும் பஞ்சாரத்துக்கடியில் முட்டை கிடந்தது. லூர்துவின் கோழிகள் இன்னும் ஆரம்பிக்கவில்லை. மரிய புஷ்பத்துக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை அவளால் தடுக்க முடியவில்லை. முட்டையை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அந்தச் சந்தோஷத்தோடு உட்கார்ந்திருந்தாள். பிறகு முட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து, வேலியோரம் நின்று கூப்பிடாமல் தெருவைச் சுற்றிக்கொண்டு போய், லூர்து வீட்டு வாசலில் நின்று அவளைக் கூப்பிட்டாள்.