தொடங்காத புரோகிராம்

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். விக்னேஸ்வரனுக்கு அந்த வாய்தான் இல்லை.

பீடோர் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து ஜெலாப்பாங்கில் இருக்கும் எங்கள் மென்பொருள் கம்பெனிக்கு மோட்டார் சைக்கிளில் வருவான். சோதனைக் காலம் முடிந்தால் வேலை நிரந்தரம். லேப்டாப்பில் வேண்டியதை அவனவனே ஏற்றிக்கொள்வதுதான் எங்கள் வழக்கம். அவனோ, புரோகிராமை ஓடவைக்கும் ஜாவா மென்பொருளில் இருப்பதிலேயே புதியதை ஆசையாய் ஏற்றியிருக்கிறான்; அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. எங்கள் புரோகிராமோ பழையது. புது ஜாவாவில் தொடங்கும்போதே படுத்துக்கொண்டு, திரை முழுக்கச் சிவப்பு எழுத்தைக் கக்கும். அதற்குப் பழைய ஜாவாதான் வேண்டும் என்பது எங்களுக்குள் தெரிந்த சங்கதி. யாரும் எங்கும் எழுதிவைக்கவில்லை.

இதற்காகத்தான் நான் முன்பே ஒரு சின்னத் திருத்தம் எழுதியிருந்தேன். "இந்த ஜாவா ஒத்துவராது, பழைய ஜாவா பதினொன்றை ஏற்றுங்கள்" என்று புரோகிராமே தொடக்கத்தில் சொல்லிவிடும். பாஸ் ஞானசேகரம் அதைச் சேர்க்க விடவில்லை.

"டெவலப்பருக்கு இது கூடத் தெரியாதா, கிருஷாந்தி? பாப்பாவுக்கு ஊட்டுற மாதிரி எதுக்கு லா?"

இவர் மட்டும் பிறக்கும்போதே எல்லாம் தெரிந்துகொண்டு பிறந்தவர்.

பிறகு நான் பத்து காஜா ஊரில் ஒரு வாடிக்கையாளரிடம் வேலையாகப் போய்விட்டேன். திரும்பியபோது விக்னேஸ்வரன் இல்லை. கம்ப்யூட்டர் வேலை தன் மண்டையில் ஏறவில்லை என்று அவனே சொல்லிவிட்டு நின்றுவிட்டானாம். அவன் லேப்டாப் என் மேசைக்கு வந்தது. ஓட்டிப் பார்த்தேன். அதே சிவப்பு. எல்லாவற்றையும் அழித்து அழித்துத் திரும்ப ஏற்றியிருந்தான், ஒவ்வொரு முறையும் அதே புது ஜாவாவை.

பழையதை ஏற்றினேன். உடனே ஓடியது.

போன் செய்தேன். இப்போது வேலை பார்க்கும் கையுறைத் தொழிற்சாலையில் ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்திருந்தான். விஷயத்தைச் சொன்னேன்.

"அப்ப என் மேல தப்பு இல்லையா அக்கா?"

"இல்லடா. எங்க மேலதான்."

"இத எங்க அம்மாகிட்ட சொல்றீங்களா? நான் சொன்னா சாக்கு சொல்றேன்னு நினைப்பாங்க."

போனை அவன் அம்மா செல்லாயியிடம் கொடுத்தான். அவருக்கு ஜாவாவைப் பற்றி என்னவென்று சொல்வது? "உங்க பிள்ளை ஒழுங்காத்தான் வேலை செஞ்சிருக்கான்மா. நாங்கதான் சொல்ல வேண்டியதச் சொல்லாம விட்டுட்டோம்" என்றேன்.

அந்த அம்மாவின் குரல் அழுகையிலும் மலர்ந்துவிட்டது. "எனக்குத் தெரியும்மா, அவன் நல்லா படிச்ச பிள்ளை. அப்ப திங்கக்கிழமை வேலைக்கு வரச் சொல்லட்டா?"

அவன் நாற்காலியில் போன வாரமே வேறு ஆள் உட்கார்ந்தாயிற்று. அதையும் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.