வாயு ஊசி

ஊசிக்காரர் ஒரு ஊசி போட்டால், வந்த நோய் மட்டுமல்ல, பேரன் காலத்தில் வரவிருந்த நோயும் சேர்ந்து ஓடும் என்று பேச்சு. கிளப்பிவிட்டவர் அவரேதான். ஒரு டாக்டரிடம் ஒன்பது வருஷம் கம்பவுண்டராக இருந்து, கண் பார்த்ததைக் கை செய்யக் கற்றவர். பதினாறு கிராமத்து ஆட்களையும் முகம் பார்க்காமல் இடுப்பை வைத்தே அடையாளம் சொல்லுவார். அப்பேர்ப்பட்டவரை, ‘வகுப்பில் தேறாதவர் இனி ஊசியைத் தொடக்கூடாது’ என்ற ஒற்றை அரசாங்கக் காகிதம் பள்ளிக்கூடப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டது.

சனிக்கிழமைதோறும் வகுப்பு. முதல் இரண்டும் கொட்டாவியில் கழிந்தன. மூன்றாவதில்தான் வினை. அவர் மகள் வயசுள்ள நர்ஸம்மா கரும்பலகையில் எழுதினாள்: நெஞ்சில் பாரம், தாடை வலி, இடது கை குடைச்சல், குளிர்ந்த வியர்வை. இதைப் போய் வாயு என்று ஊசி போட்டுப் படுக்க வைக்கிறவர்களும் இருக்கிறார்கள் என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். ஊசிக்காரரும் சிரித்தார். சிரித்த வாய் மூடுவதற்குள் மச்சான் ஞாபகம் வந்தது.

மனைவியின் அண்ணன். நாலு வருஷத்துக்கு முன்னால் பகல் பதினொரு மணிக்கு, அந்த நாலு அறிகுறியையும் மொத்தமாகச் சுமந்துகொண்டு வந்தவர். “வாயுதான் மச்சான்” என்று இவர் ஊசி போட்டுப் படுக்க வைத்தார். ஒரு மணிக்கு எல்லாம் முடிந்துவிட்டது. ஆயுசு அவ்வளவுதான், உங்க கை பட்டதால வலி தெரியாமப் போனார் என்று அழுதுகொண்டே இவரைத் தேற்றியவள் மனைவிதான்.

அந்தச் சனிக்கிழமையிலிருந்து மச்சான் வர ஆரம்பித்தார். வைத்தியம் பார்க்கும் அறையில், நோயாளிகளின் வரிசையில் கடைசி ஆளாக உட்கார்ந்திருப்பார். பயமுறுத்தல் ஒன்றும் கிடையாது. உயிரோடு இருந்தபோதே முந்திப் பேசாத மனுஷன், செத்தபின்பா குணம் மாறும்? பிறகு வந்தவர்களுக்கெல்லாம் வழிவிடுவார். அவர் முறை வரும்போது பெஞ்சு காலியாக இருக்கும், மரத்தில் வியர்வை ஈரம் மட்டும் மிஞ்சும். அதைத் துடைத்துத் துடைத்தே மூன்று துண்டு கிழிந்தது. ஊசிக்காரர் இளைத்த இளைப்பில், சட்டை முன்னே போக அவர் பின்னே போனார். வாயுவாக இருக்கும் என்றாள் மனைவி. அவளிடம் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு கவளத்துக்கும் வாயைத் திறப்பார். கவளம் உள்ளே போகும், வாய் மூடிக்கொள்ளும்.

கடைசிச் சனிக்கிழமை செய்முறைத் தேர்வு. அவரவர் வீட்டிலிருந்து ஒருவர் வந்து, நேரில் பார்த்த ஒரு நோயைப் பேர் சொல்லாமல் நடித்துக் காட்ட வேண்டும். அது என்ன நோய், என்ன செய்யணும் என்று தேர்வுக்கு வந்தவர் சொல்ல வேண்டும். பல் பிடுங்குகிறவரின் தம்பி வயிற்றுவலியில் உருண்ட உருளலில், நாலு பேர் நிஜமாகவே மருந்து தேடி ஓடினார்கள். அடுத்து ஊசிக்காரர் மனைவி. சிரித்துக்கொண்டே மேஜையில் ஏறி உட்கார்ந்தாள். நெஞ்சில் உள்ளங்கையை வைத்தாள். தாடையைத் தேய்த்தாள். இடது கையைத் தொங்கவிட்டாள். நெற்றியைத் துடைத்துத் துடைத்து, கையைப் பார்த்தாள்.

ஊசிக்காரரின் விரல்கள் பழக்கத்தில் ஊசித்தட்டுக்குப் போய் அங்கேயே நின்றன. பின்பெஞ்சு பொறுக்கவில்லை. மாரடைப்பு, மாரடைப்பு என்று நாலைந்து குரல்கள் எழுந்தன.

மனைவியின் கை நெஞ்சிலேயே இருந்தது. நடிப்பு மட்டும் நின்றுவிட்டது.

“ஏங்க, நான் அண்ணன் மாதிரிதானே செஞ்சேன்?”

“ஆமா.”

“இவங்க வேற என்னமோ சொல்றாங்களே.”

“சரியாத்தான் சொல்றாங்க. அது வாயு இல்ல.”

“உங்களுக்கு எப்பத் தெரியும்?”

“மூணாவது வகுப்புல.”

நர்ஸம்மா பேனாவைக் கீழே வைத்தாள். மனைவி மேஜையில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“சரி. இப்ப எனக்கு என்ன செய்யணும்? சொல்லுங்க.”

அவர் சொன்னார். நடக்க விடக்கூடாது. சாய்ந்தாற்போல் உட்கார வைக்கணும். ஆஸ்பிரினை மென்று தின்னக் கொடுக்கணும். ஊசி போட்டுக் காத்திருக்கக் கூடாது, உடனே வண்டி. ஒன்றுகூட விடவில்லை.

“வண்டியில பெரிய ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு நேரம்?”

“முப்பத்தஞ்சு நிமிஷம்.”

அவள் விரல் மடக்கினாள். பதினொன்றிலிருந்து ஒன்று வரை.

“அப்ப ஒரு தடவை போய், திரும்பி வந்து, இன்னொரு தடவையும் போயிருக்கலாம்.”

நர்ஸம்மா பேனாவை எடுத்து, தாளில் ‘தேர்ச்சி’ என்று எழுதினாள். மனைவி இறங்குவதற்கு ஊசிக்காரர் கை நீட்டினார். அவள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மேஜை விளிம்பைப் பிடித்துத் தானே இறங்கினாள்.