காக்கைகளுக்குப் போன நான்கு எழுத்துகள்

1

இந்தக் கதையைக் கையால் எழுதுகிறேன். தட்டச்சு செய்யாத காரணம் போகப் போகத் தெரியும். கதை வந்தது எங்கள் வீட்டுப் பின்புறத்து இரும்புக் காக்கைகளிடமிருந்து. குறிபார்த்துச் சுடுவதற்காக என் அப்பா நட்டவை, நான்கு. ஒவ்வொன்றின் நெஞ்சிலும் காசளவு ஓட்டை. ஏர்கன் குண்டு ஓட்டைக்குள் புகுந்து உள்தகட்டைத் தட்டினால் காக்கை மல்லாந்து விழும். விளிம்பில் பட்டால் நிற்கும். தகட்டைப் பிடித்திருப்பது ஒரு சின்ன ஸ்பிரிங். "அந்த வீட்டுக் காக்கை பொய் சொல்லாது" என்பார்கள். எங்கள் குடும்பச் சொத்தே அந்தப் பேச்சுதான்.

2

'பரணில் ஒரு பெட்டி நிறையப் புது ஸ்பிரிங்குகள் பளபளவென்று...'

[வேண்டாம். பரணில் எலிப்புழுக்கைதான் கிடைத்தது.]

ஸ்பிரிங்குகள் துருவேறி இற்றுப்போயின. செய்து தந்தவரும் தொழிலை விட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காக்கை சுடும் போட்டிக்குச் சம்பந்தி வருகிறார், என் மருமகளைப் பெற்றவர். குறியும் தப்பாது, வாயும் ஓயாது.

மருமகள் கடை கடையாக ஏறி இறங்கினாள். பேனா ஸ்பிரிங்கை மாட்டினால், காற்றடித்தாலே காக்கை விழுந்தது. இரும்புக்கடை ஸ்பிரிங்கை மாட்டினால், நெஞ்சில் குண்டு வாங்கியும் அசையவில்லை.

"இது நல்லா விறைப்பா நிக்குதே, நம்ம வீட்டு லட்சணம்" என்றேன்.

"விறைப்பு இல்ல மாமா. சரியா அடிச்சவங்கள ஏமாத்துறது."

"தளர்ந்து இருந்தா, தன் அப்பாவுக்காக மருமக தளர்த்திட்டான்னு பேசுவாங்கம்மா."

"இறுக்கினா, மாமனாருக்குப் பயந்து இறுக்கிட்டான்னு எங்கப்பா பேசுவாரு. ரெண்டு வாயையும் அடைக்கிற ஸ்பிரிங்கா பாக்கணும்."

(இங்கே அவளைக் கொஞ்சம் அடக்கமானவளாக எழுதிப் பார்த்தேன். பாத்திரம் ஒத்துழைக்கவில்லை.)

3

மறுநாள் நான் என் பழைய தட்டச்சுப் பொறியில் ஒரு கதையின் முதல் வரியைத் தட்டிக்கொண்டிருந்தேன். அவள் பக்கத்தில் வந்து நின்று எழுத்துச் சாவிகளையே பார்த்தாள். விரல் பட்டதும் இறங்குகிறது, எடுத்ததும் ஏறுகிறது.

"மாமா, இதுல உங்களுக்கு வேண்டாத எழுத்து நாலு சொல்லுங்க."

"எழுத்துல வேண்டாததுன்னு ஒண்ணு கிடையாது."

முதுகை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன். அவள் வாதாடவில்லை, போய்விட்டாள். அது இன்னும் மோசம். சாயங்காலம் நானே பொறியின் திருகாணியைக் கழற்றி, நான்கு எழுத்துகளின் ஸ்பிரிங்குகளை அவள் மேசையில் வைத்தேன்.

"வேண்டாத எழுத்தா மாமா?"

"வேண்டியதுதான். காக்கை அதைவிட வேண்டியது."

அவள் அவற்றை மாட்டி, ஒவ்வொரு காக்கையையும் சுட்டுப் பார்த்தாள். ஓட்டையில் புகுந்தால் விழுந்தது. விளிம்பில் பட்டால் நின்றது. என் குலத்தில் பிறக்காதவள் என் குலத்தின் பேச்சைக் காப்பாற்றினாள் என்று எழுத... [இதை அவளிடம் படித்துக் காட்டப் போவதில்லை.]

4

ஞாயிறு. நானும் சம்பந்தியும் சமநிலை. மிச்சம் அவருடைய ஒரே ஒரு குண்டு.

"சம்பந்தி, காக்கைய ஒழுங்கா விழச் சொல்லுங்க" என்றார் அவர்.

"அடிக்கிறத நீங்க பாருங்க. விழுறத அது பாத்துக்கும்."

சுட்டார். 'டங்' என்று ஒரு சத்தம்.

இதோடு பேனாவை மூடுகிறேன். விழுந்தது என்று நான் எழுதினால் பெருந்தன்மை காட்டுகிறேன் என்பீர்கள். நின்றது என்றால் பீற்றிக்கொள்கிறேன் என்பீர்கள். ஓட்டையா, விளிம்பா, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். சம்பந்தியின் கையைக் குறை சொல்லலாம், என் பொறாமையைக்கூடச் சொல்லலாம். ஸ்பிரிங்கை மட்டும் சொல்லாதீர்கள். அது என் மருமகள் பார்த்து எடுத்தது.