நடுவில் நிற்பவள்

எங்கள் வீட்டு ஆல்பத்தில் யாரென்றே தெரியாத மனிதர்கள் ஏகப்பட்ட பேர். மீன்கூடையோடு ஒரு பெண், மாதா கோயிலில் மணியடிப்பவர், ஒரு கல்யாணப் படத்தில் ஐஸ் விற்கிறவன்கூட இருக்கிறான். எல்லாம் நாலாவது ஆட்கள். மூன்று பேராக நின்று படம் எடுத்துக்கொண்டால் நடுவில் நிற்பவர் முதலில் போய்விடுவார் என்பது எங்கள் இலோய்லோ பக்கத்தில் பால்குடிக் குழந்தைக்கும் தெரியும். அதனால் தெருவோடு போகிறவரைக் கையைப் பிடித்து இழுத்து வந்தாவது நாலாக்கிவிடுவோம். வெட்கமெல்லாம் பார்ப்பதில்லை.

சலுஸ்தியானா பெரியம்மா மட்டும் இதற்கெல்லாம் மசியமாட்டாள். மூன்று பேர் இருக்கும் படம் எதை எடுத்தாலும் நடுவில் அவள்தான்.

அன்று மத்தியானம் ஆல்பம் வெளியே வந்ததற்கு அம்மாதான் காரணம். மறுநாள் காலையில் அவளை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். வயிற்றில் கட்டி. பிழைப்பது பாதிக்குப் பாதி என்று டாக்டர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். துணியை எடுத்து வைக்கச் சொன்னால், ஆல்பத்தை மடியில் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு எரிச்சலாக வந்தது. பயத்தை எரிச்சலாக்கிக்கொள்வது என் சுபாவம்.

"இங்க வா இந்தாய், இதைப் பாரு" என்றாள் அம்மா. எங்கள் பக்கத்தில் செல்லப் பெண்கள் எல்லோருமே இந்தாய்தான். எனக்கு நாற்பது ஆகப்போகிறது, இன்னும் இந்தாய்.

முதல் படம் படகுத்துறை. வெளிறிப்போய், வானமும் தண்ணீரும் ஒன்றாகக் கலந்துவிட்டன. கப்பல் எங்கே முடிகிறது, மேகம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. பெரியம்மா வானத்துக்குள் ஏறப்போகிறவள் மாதிரி நிற்கிறாள். அன்னாசி நார்ச் சட்டையின் கைகள் காற்றில் உப்பியிருக்கின்றன. எங்கள் ஊரிலிருந்து மணிலாவுக்கு ஒரு பெண் கல்லூரி படிக்கப் போனது அதுதான் முதல் தடவை.

"ஊர் சும்மா இருந்துச்சா? தனியா கப்பலேத்தி விடறீங்களே, திரும்பி வரும்போது கைக்குழந்தையோட வருவா பாருங்கன்னு அப்பாகிட்டயே சொன்னாங்க" என்றாள் அம்மா.

"வந்தேனே, பட்டத்தோட. அதுவும் அழாத குழந்தை" என்று சமையலறையிலிருந்து பெரியம்மாவின் குரல் வந்தது. எழுபத்தைந்து வயதுக்குக் காது அநியாயத்துக்குக் கேட்கும் அவளுக்கு.

அடுத்தது கல்லூரிச் சோதனைக்கூடம். கையில் கண்ணாடிக் குழாயோடு பெண்கள் சிலையாக நிற்க, பெரியம்மாவின் முகம் மட்டும் புகையாகக் கலைந்திருக்கிறது. சிரிப்பை அடக்க முடியாமல் தலையை ஆட்டிவிட்டாளாம். எனக்குப் பிடித்த படம் அது. அந்தக் கலைந்த முகத்தில் வயதும் இல்லை, பாரமும் இல்லை. சில நாள் என் கனவில் அந்த முகத்தோடு வந்து, பேசாமல், ஆற்றங்கரையில் என்கூடவே நடப்பாள். எழுந்த பிறகும் வெகுநேரம் ஈரக்காற்று அடிக்கிற மாதிரியே இருக்கும்.

பிறகு வருஷங்கள் புரண்டன. உயர்நிலைப் பள்ளியில் ரசாயனம் சொல்லிக்கொடுக்கும் மேஸ்த்ரா சலுஸ்தியானா. இரண்டு ஆசிரியர்களுக்கு நடுவில், கல்யாண ஜோடிக்கு நடுவில்கூட. "இவ படிச்சது நடுவுல நிக்கிற படிப்பு" என்று ஊரில் கேலி பேசுவார்கள். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். படித்த திமிர் என்றுதான் நினைத்திருந்தேன். எதைச் சொன்னாலும் "ஆதாரம் காட்டு" என்று கேட்கிறவளை வேறு எப்படி நினைப்பது?

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. ஸ்டூடியோக்காரர் நொங் செலோ கேமராவோடு நின்றார். அம்மாதான் வரச் சொல்லியிருக்கிறாள், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல். போகும் முன் ஒரு படம் வேண்டுமாம்.

நீளமான மூங்கில் இருக்கையை வெளிச்சத்துக்கு இழுத்துப் போட்டோம். பெரியம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து நேராக நடுவில் உட்கார்ந்தாள்.

"எந்திரி மனாங்" என்றாள் அம்மா. அக்காவை அவள் கூப்பிடுவது அப்படித்தான். "இன்னிக்கு நடுவுல நான்."

"ஓரமா உக்காரு லுசிங். காத்து வரும்."

"எனக்குக் காத்து வேணாம். எப்படியும் கத்திக்குக் கீழ படுக்கப் போறேன். வர்றது எனக்கே வரட்டும். ஊர்ல உள்ளவங்களுக்கு வர்றதையெல்லாம் நீயே வாங்கிக்கணும்னு யார் உன்னைக் கேட்டா?"

"என்ன உளர்ற? அதெல்லாம் மூடநம்பிக்கை."

"அப்போ நகரேன்!"

பெரியம்மா நகரவில்லை. அம்மா ஆல்பத்தைப் புரட்டி, கடைசி அட்டைக்குள் செருகியிருந்த, அட்டைச் சட்டம் போட்ட ஒரு சின்னப் படத்தை உருவி என்னிடம் நீட்டினாள். நான் பார்த்தேயிராத படம். வீட்டு மாடிப்படியில் பட்டதாரிப் பெரியம்மா ஒருபுறம், சிறுமியாக அம்மா மறுபுறம். நடுவில் வாயெல்லாம் சிரிப்பாக என் மாமா கிரிஸ்புலோ. படத்தின் ஓரத்தில் ஒரு மீன்கூடையின் நிழல்.

"நாலாவதா நிக்க மீன்காரி வந்தா. இவதான் விரட்டிவிட்டா. கேமராவுக்கு எண்ணத் தெரியுமான்னு கேட்டு, அண்ணனை நடுவுல நிக்க வெச்சா. அந்த மழைக்காலத்துலயே அண்ணன் குய்மராஸ் தீவுக்கு ஏறிப்போன படகு கவுந்துடுச்சு. யாரும் இவளை ஒரு சொல் சொல்லலை. சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும். அதுக்கப்புறம் நடு இடத்தை யாருக்காவது விட்டுக்கொடுத்தாளா பாரு."

ஆற்றுக்காற்றில் ஜன்னல் திரை உள்ளே வந்து வந்து போயிற்று. நாற்பது வருஷம் பிள்ளைகளிடம் ஆதாரம் கேட்டவள், கையை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்திருந்தாள். திமிராம் திமிர்! என் வாயை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

நொங் செலோதான் தொண்டையைக் கனைத்தார். "அந்தப் படத்தை மடியில வெச்சுக்கலாமே மேஸ்த்ரா? உங்க தம்பியும் சேர்ந்தா நாலு பேர்."

"நாலு எப்படி? படத்துல மூணு, இங்க மூணு, ஆறு" என்றேன்.

"ஆறும் நல்லதுதான்" என்று பெரியம்மா சட்டத்தை வாங்கி மடியில் நிறுத்திக்கொண்டாள். இவ்வளவு சீக்கிரம் அவள் எதற்கும் ஒத்துக்கொண்டதே இல்லை. எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். அம்மா அரைமனதாக ஓர் ஓரத்தில் உட்கார்ந்தாள், மறு ஓரத்தில் நான். விளக்கு மின்னியது.

அம்மா பிழைத்துக்கொண்டாள். இளைத்துத் துரும்பாகி, ஆனால் வாய் மட்டும் குறையாமல் வீடு வந்து சேர்ந்தாள். நொங் செலோ படத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். நாங்கள் மூன்று பேர் இருக்கிறோம். பெரியம்மாவின் மடி காலி. சட்டத்தைப் பாவாடை மடிப்புக்குள் சரித்துவிட்டு, சோதனைக்கூடத்துப் பெண் போல ஒரு சிரிப்பு. இந்தத் தடவை முகம் கலையவில்லை.

"உமக்குக் கண் இல்லையா?" என்று அம்மா நொங் செலோவைப் பிடித்துக்கொண்டாள்.

"இருந்துச்சு. மேஸ்த்ரா ஒரு பார்வை பார்த்தாங்க. ஸ்கூல்லயே அந்தப் பார்வைக்கு நான் வாய் திறந்ததில்ல."

அம்மா தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்கு நடந்தாள். "கள்ளி! ஏன் மனாங் இப்படிப் பண்ணினே? நாளைக்கே உனக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

பெரியம்மா கஞ்சியைக் கிண்டிக்கொண்டே சொன்னாள்: "நீ திரும்பி வந்துட்டே இல்ல? இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும் உனக்கு?"

அம்மா அவள் தோளில் ஓங்கி ஓர் அடி போட்டாள். பிறகு அதே தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். கஞ்சி அடிப்பிடித்துவிட்டது.

பெரியம்மா போனது மூன்று வருஷம் கழித்து, தூக்கத்தில். மூத்தவள் முதலில் போவது இயல்புதானே என்று வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். அம்மா ஒப்புக்கொள்ளவே இல்லை.

எங்கள் வழக்கப்படி பெட்டியருகே குடும்பம் நின்று கடைசியாக ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும். இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அம்மா. நொங் செலோ கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோய், தயங்கி, இறக்கினார்.

"மூணு பேரா இருக்கே. யாரையாவது கூப்பிடட்டுமா?"

அம்மா குனிந்து பெட்டியின் கண்ணாடி வழியாகப் பெரியம்மாவைப் பார்த்தாள். "இப்பவும் நகரமாட்டே, இல்ல?" என்றாள் மெதுவாக. பிறகு நிமிர்ந்து, கண்ணைத் துடைக்காமலே சொன்னாள்.

"யாரும் வேணாம். எடுங்க. கேமராவுக்கு எண்ணத் தெரியாது."