எண்பத்தெட்டுக்குக் கிடைக்குமா

அந்த ஊரில் நுழைவுத் தேர்வு மதிப்பெண்கள் முதல் பஸ்ஸில் வந்து இறங்கும். சட்டக் கல்லூரிக்காக எழுதிய இசக்கிப்பிரியாவின் மதிப்பெண்ணும் அப்படித்தான் வந்தது. கையில் ஒரு துணிப்பை, முகத்தில் பயணக் களைப்பு. "எண்பத்தெட்டு" என்று வாசலில் நின்று பெயர் சொன்னது. இசக்கியின் அம்மா கோமதி செம்பில் தண்ணீர் கொடுத்து உள்ளே அழைத்தாள். கலந்தாய்வு வரைக்கும் மதிப்பெண்ணை வைத்துச் சோறு போடுவது அந்தந்தக் குடும்பத்தின் பொறுப்பு.

இசக்கி அதைத் தலையிலிருந்து கால் வரைக்கும் கண்ணாலேயே அளந்தாள். இது அவளுடைய இரண்டாவது முயற்சி. இந்த முறையும் இடம் கிடைக்காவிட்டால் வக்கீல் ஆசையை மூட்டை கட்டிவிட்டு, நாகர்கோவிலில் மாமாவின் பாத்திரக் கடையில் பில் போட உட்கார வேண்டும் என்று வீட்டில் பேச்சு முடிந்திருந்தது. வந்த ஆளோ நெட்டையுமில்லை, குட்டையுமில்லை. குட்டையாக வந்திருந்தால் ஒரு பாட்டம் அழுதுவிட்டு நாகர்கோவிலுக்குக் கிளம்பியிருக்கலாம். இந்த நடுத்தர உயரம்தான் ஆளைப் பாடாய்ப்படுத்தும்.

தெருவே வந்து பார்த்தது. "நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்த வருஷம் எல்லாருக்கும் நெறைய வந்திருக்காம்லா" என்று எதிர்வீட்டு ரோஸ்மேரி சொல்லிவிட்டு, காப்பியைக் குடித்துவிட்டுப் போனாள். அவள் சொன்னது பொய்யில்லை. வேறு ஏதாவது ஊரில் உயரமான மதிப்பெண் ஒன்று பஸ்ஸை விட்டு இறங்கும்போதெல்லாம் இங்கே எண்பத்தெட்டு ஒரு நூல் குறைந்தது. கோமதி முட்டையும் பாலுமாகக் கவனித்தாள். அது எல்லாவற்றையும் மரியாதையாகச் சாப்பிட்டுவிட்டுக் குறைந்துகொண்டே வந்தது. பேண்ட் தரையில் இழுபட ஆரம்பித்ததும் கோமதி காலை மடித்துத் தைத்துக் கொடுத்தாள்.

"பேசாம கட்-ஆஃப்கிட்ட கூட்டிட்டுப் போயி நிறுத்திப் பாத்துருவோம்" என்றார் அப்பா சுடலைமுத்து. பஞ்சர் கடை வைத்திருப்பவர். எதையும் தொட்டுப் பார்த்தால்தான் நம்புவார்.

போன வருஷத்து கட்-ஆஃப் தாலுகா ஆபீஸுக்குப் பின்னால் குடியிருந்தார். ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு போய், மதிப்பெண்ணை அவரோடு முதுகோடு முதுகாக நிறுத்திப் பார்ப்பது ஊர் வழக்கம்.

"நான் போன வருஷத்து ஆளு. என்கூட நின்னு பாத்து என்ன ஆவப் போவுது?" என்றார் அவர், பழத்தை வாங்கி வைத்துக்கொண்டே. எல்லோரிடமும் இதைத்தான் சொல்வார். யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

சுடலைமுத்து இரண்டு தலைகளுக்கும் மேலே டயர் நெம்புகிற கம்பியை வைத்துப் பார்த்தார். "நம்மாளு ஒரு விரக்கடை கூட" என்றார். இசக்கிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அந்நேரம் பார்த்துக் கட்-ஆஃப் இருமினார். வருஷம் முழுக்க உட்கார்ந்தே கிடந்து கூன் விழுந்திருந்த முதுகு, இருமலில் நிமிர்ந்தது. கம்பி எண்பத்தெட்டின் பக்கம் சாய்ந்தது. மறுபடி கூனினார். கம்பி அவர் பக்கம் சாய்ந்தது.

"ஐயா, இதுல நெசமான உயரம் எது?" என்று இசக்கி கேட்டாள்.

"அன்னைக்கு எப்பிடி நின்னேன்னு ஞாபகம் இல்லம்மா."

அதற்குப் பிறகு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அவளுடைய பங்கையும் எண்பத்தெட்டே சாப்பிட்டது.

கலந்தாய்வுக்கு இசக்கியும் எண்பத்தெட்டும் சென்னைக்குப் போனார்கள். மதிப்பெண் துணைக்கு இருக்கிறதே என்று சுடலைமுத்து ஊரிலேயே நின்றுவிட்டார். அரங்கில் மதிப்பெண்கள் உயரப்படி வரிசையில் நின்றன. பிள்ளைகள் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அதிகாரி ஒருவர் நெட்டையான பக்கத்திலிருந்து எண்ணிக்கொண்டே வந்தார். இடங்கள் தீர்ந்த இடத்தில் ஒரு கழியை நீட்டினார். கழி எண்பத்தெட்டுக்குப் பின்னால் விழுந்தது.

"அது உங்களோடதா?" என்று பக்கத்திலிருந்த பெண் கேட்டாள்.

"ஆமா."

"என்னோடது அதுக்கு அடுத்தது" என்று சொல்லிவிட்டு அவள் டிபன் டப்பாவைப் பைக்குள் வைத்தாள்.

இசக்கி மேஜைக்கு ஓடினாள். "சார், நான் எங்க கையெழுத்துப் போடணும்?"

"நீ எதுக்கும்மா? இடம் எண்பத்தெட்டுக்குத்தான். அது போட்டுடுச்சே" என்றார் அதிகாரி. கையெழுத்தைக் காட்டினார். அழகாகத்தான் இருந்தது.

எண்பத்தெட்டு அவளுடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டது. "புத்தகமெல்லாம் இதுலதான இருக்கு?"

"ஆமா. மேல வெள்ளைச் சட்டை இருக்கு. உனக்குக் கொஞ்சம் தொளதொளன்னு இருக்கும்."

"மடிச்சுத் தச்சுக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டு அது கல்லூரி வாசலுக்குள் போனது. கறுப்புக் கோட்டுப் போட்ட ஒரு பேராசிரியர் அதற்குக் கை கொடுத்தார். இசக்கி வாசலுக்கு வெளியிலேயே நின்றாள். ஆனால் நாகர்கோவில் இல்லை என்று ஆனதில் ஒரு நிம்மதியும் இருந்தது, பொய் சொல்வானேன்.

அம்மாவுக்குப் போன் போட்டாள். "கெடச்சிட்டும்மா."

கோமதி சந்தோஷத்தில் அழுதாள். அடங்கியதும், "அது சாப்பிட்டுதா?" என்று கேட்டாள்.

"ஹாஸ்டல்ல போடுவாங்களாம்."

ஊருக்குத் திரும்புகிற பஸ்ஸில், இடம் கிடைக்காத மதிப்பெண்கள் தங்கள் பிள்ளைகளின் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தன. இசக்கி தனியாக ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கண்டக்டர் வந்தார். அவளைப் பார்த்தார். அரை டிக்கெட் கிழித்துக் கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டாள். கால் தரைக்கு எட்டவில்லை.