காரில் ஆள் இருந்தால் போதும்

கால்பந்து ஆட்டம் பார்த்துவிட்டு வெளியே வந்த கிளிஃபர்ட், தன் காருக்குப் பக்கத்தில் பார்க்கிங் அதிகாரி ஒருத்தி நிற்பதைப் பார்த்தும் பதறவில்லை. மைதான வாசலுக்கு நேரெதிரே, மாற்றுத்திறனாளிகளுக்கான இடத்தில்தான் கார் நின்றது. கண்ணாடியில், நடக்க முடியாதவர்களுக்கு அங்கே நிறுத்த அனுமதி தரும் நீல அட்டை, மனைவி டோரீனுடையது, இருந்தது. முன்சீட்டில் டோரீனும் இருப்பாள். அட்டைக்காரர் காரில் இருந்தால் போதும், எவரும் வாயைத் திறக்க முடியாது. இது கிளிஃபர்ட் தானே போட்டுக்கொண்ட சட்டம். ஊர் அணி ஆடும் சனிக்கிழமைகளில் டோரீன் முழங்காலில் கம்பளியோடு காரில் உட்கார்ந்திருப்பாள். இவர் உள்ளே போய்த் தொண்டை கிழியக் கத்திவிட்டு வருவார். மற்றவர்கள் எங்கேயோ நிறுத்திவிட்டு மழையில் நனைந்துகொண்டு நடப்பதைப் பார்க்க அவருக்குக் கொஞ்சம் சிரிப்புகூட வரும்.

"அட்டை யாரோடது சார்?"

"என் பொண்டாட்டியோடது. உள்ளதான் இருக்கா, நீயே பாரும்மா."

அவள் பார்க்கவில்லை. ஏற்கெனவே பார்த்துவிட்டாள் போலிருக்கிறது. கிளிஃபர்ட் குனிந்தார். சீட் காலி. கம்பளி மடித்து வைத்திருந்தது.

"ரொம்ப நேரமா நானும் இந்தத் தெருவுலதான் சுத்துறேன். கார்ல ஈ, காக்கா இல்ல. நீங்க என்னடான்னா குதிச்சு ஓடி வர்றீங்க. அட்டையையே பறிச்சுடுவாங்க, தெரியும்ல?"

கிளிஃபர்ட்டுக்கு ஒன்றும் ஓடவில்லை. டிக்கியைத் திறந்தார். டோரீனின் வாக்கர் போட்டது போட்டபடி கிடந்தது. அது இல்லாமல் அவளால் அடுப்படியிலிருந்து கூடத்துக்குக்கூட வர முடியாதே! பின்சீட்டைப் பார்த்தார். என்ன தோன்றியதோ, காருக்கு அடியிலும் குனிந்து பார்த்தார். அட்டை போய்விட்டால் அவளை ஆஸ்பத்திரிக்கு எப்படிக் கூட்டிப் போவது? அது இருக்கட்டும், ஆள் எங்கே?

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு சக்கர நாற்காலி வந்தது. தள்ளியவர் ஆரஞ்சு மேல்சட்டை போட்ட மைதானத்து ஆள். உட்கார்ந்திருந்தது டோரீன். முகமெல்லாம் சிவந்திருந்தது.

"எங்கடி போய்த் தொலைஞ்ச?"

"மேட்ச் பாக்க."

"உனக்குத்தான் ஃபுட்பாலே பிடிக்காதே!"

"யாரு சொன்னா?"

யார் சொன்னது என்று கிளிஃபர்ட் யோசித்துப் பார்த்தார். நினைவுக்கு வரவில்லை.

"ஹாரன் அடிச்சேன், இவரு வந்தாரு. உள்ள நாற்காலி இருக்கு, இடமும் இருக்கு, வாங்கன்னாரு. ஆமா, அந்த மூணாம் நம்பர்காரனை எவன் டீம்ல சேத்தான்? மாடு மாதிரி நிக்கிறான்!"

இவரும் ஆட்டம் முழுக்க அதையேதான் கத்திக்கொண்டிருந்தார்.

"மேட்ச் பாக்கத்தான் வந்தீங்கன்னா தப்பே இல்லம்மா," என்றாள் அதிகாரி. "எப்பவும் வருவீங்களா?"

கிளிஃபர்ட் மனைவிக்குக் கண்ணைக் காட்டினார். அவள் அதைப் பார்க்கத்தான் செய்தாள்.

"இல்ல, இன்னைக்குத்தான் உள்ள போனேன். மத்த நாளெல்லாம் கார்லயே இருப்பேன். நான் இருந்தாத்தான இவரு இங்க நிறுத்த முடியும்?"

அவள் அதைக் குறையாகச் சொல்லவில்லை. மணி என்ன என்று கேட்டால் சொல்வதுபோலச் சொன்னாள். கிளிஃபர்ட்டுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. வாரம் தவறாமல் பொண்டாட்டியை வெளியே கூட்டிப்போகிறேன் என்று பப்பில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார். அதில் பொய் இருப்பதாக அவர் ஒருநாளும் நினைத்ததில்லை. இப்போதும் எது பொய் என்று பிடிபடவில்லை, வெட்கம் மட்டும் பிடுங்கித் தின்றது.

அதிகாரி அட்டையை எடுத்துத் தரச் சொன்னாள். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு டோரீனின் கையில் கொடுத்தாள்.

"இது நீங்க போறதுக்கும்மா. இவரு போறதுக்கு இல்ல. இன்னைக்கு விடறேன். இன்னொரு தடவை நீங்க கார்ல காவலுக்கு இருந்தா விடமாட்டேன்."

காரில் ஏறியதும் கிளிஃபர்ட் அட்டைக்காகக் கையை நீட்டினார். டோரீன் அதைத் தன் கைப்பையில் போட்டு மூடினாள்.

"அடுத்த மேட்சுக்கு டிக்கெட் எடுத்துடு."

"உனக்கா?"

"எனக்குத்தான். உனக்கு வேணும்னா உனக்கும் எடுத்துக்கோ. இல்லன்னா நீ கார்லயே இரு."

விளையாட்டுக்குச் சொல்கிறாளா என்று கிளிஃபர்ட் அவள் முகத்தைப் பார்த்தார். அவள் சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, கார் கிளம்பக் காத்திருந்தாள்.